கோவையிலிருந்து மதுரைக்கு: மாணவர்களுக்குச் சில பிரயாண யோசனைகள்

பருவத் தேர்வுகள் முடிந்து விடுதிகள் காலியாகத் தொடங்கும் நாட்களில், கோயம்புத்தூர்க் கல்லூரிகளில் படிக்கும் தென்மாவட்டப் பிள்ளைகள் ஊருக்குப் போகும் மார்க்கத்தைப் பற்றித் தமக்குள் நடத்தும் ஆலோசனைகளைக் காதில் வாங்கிக்கொள்ளும் சந்தர்ப்பம், ஆசிரியத் தொழிலில் இருப்பவனுக்கு வருஷந்தோறும் வாய்க்கிறது. எந்தப் பேருந்து, எந்த ரயில், யார் யார் சேர்ந்து போவது என்ற அளவில் முன்பெல்லாம் முடிந்துவிட்ட அந்த ஆலோசனை, இப்போது கைபேசியில் இரண்டு விமான நிலையங்களின் பெயர்களைத் தட்டிவிட்டு, அது காட்டும் எண்ணைக் கண்டு வியப்பதில் ஆரம்பிக்கிறது. கோவைக்கும் மதுரைக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறத்தாழ 175 கிலோமீட்டர். பறக்கும் நேரம் முக்கால் மணிக்குள் அடக்கம். இந்த எண்ணை ஒருமுறை பார்த்துவிட்ட இளைஞன், அதே ஊருக்கு ஐந்து மணி நேரம் பேருந்தில் உட்கார்ந்து போகிறவர்களைச் சற்றே இரக்கத்தோடு நோக்கத் தொடங்கிவிடுகிறான்.

இந்த மயக்கத்துக்குக் காரணம் பிள்ளைகள் மாத்திரம் அல்லர். விமான நிலையத்தின் கண்ணாடிச் சுவருக்கு முன்னால் நின்று படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்புவது இளமையின் விளையாட்டு, அதை மன்னித்துவிடலாம். ஆனால் தம் மகன் பேருந்தில் வந்து இறங்கினான் என்று சொல்வதைவிட, விமானத்தில் வந்து இறங்கினான் என்று உறவினர் நடுவே சொல்வதில் ஒரு கௌரவத்தைக் காணும் தகப்பனாரையும், ஆகாயத்தில் போனால்தான் பெண்ணுக்குப் பாதுகாப்பு என்று விடாமல் வற்புறுத்தும் தாயாரையும் மன்னிப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. விடுமுறை முடிந்து திரும்பிய மாணவி ஒருத்தியிடம், "ஏனம்மா, இவ்வளவு களைத்துப் போயிருக்கிறாய்?" என்று கேட்டபோது, "பிளைட்ல வந்தேன் சார், அப்பா பஸ்ல வரவே கூடாதுன்னுட்டாங்க" என்று அவள் சொன்ன பதிலில் அடங்கியிருந்த விசித்திரத்தை அவளே உணரவில்லை. அவளையும் அவளைப் போன்றவர்களையும் மனத்தில் வைத்துத்தான் இந்த யோசனைகளை எழுதுகிறேன்.

யாவரும் அறிந்த மார்க்கங்களைப் பற்றி விஸ்தாரமாக எழுதத் தேவையில்லை. கோவையில் சிங்காநல்லூர் நிலையத்திலிருந்து மதுரை ஆரப்பாளையத்துக்குப் பல்லடம், தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் வழியாக அரசுப் பேருந்துகள் இரவும் பகலும் ஓடுகின்றன; சாலைத் தூரம் ஏறத்தாழ 215 கிலோமீட்டர், நேரம் ஐந்து மணியும் சில சமயம் அதற்குச் சற்று மேலும். ரயிலில் போனால் போத்தனூர், பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, பழனி, திண்டுக்கல் வழியே செல்லும் பகல் வண்டி ஒன்று உண்டு. காலையில் மதுரையிலிருந்து புறப்பட்டு நண்பகலை ஒட்டிக் கோவையை அடைந்து, பிற்பகலில் அங்கிருந்து திரும்பி விளக்கேற்றும் வேளை கழிந்து மதுரையை அடைவது அது. திருப்பூர், ஈரோடு, கரூர் வழியாகச் சுற்றிக்கொண்டு நாகர்கோவில் வரை செல்லும் இரவு வண்டி, திருநெல்வேலிக்கும் அதற்கு அப்பாலும் போகிறவர்களுக்கு மிக வசதியானது. மதுரைக்காரர்களையோ நள்ளிரவை ஒட்டிப் பிளாட்பாரத்தில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறது. நான்கு பேர் சேர்ந்து வாடகைக் கார் வைத்துக்கொள்வதும் உண்டு. இவற்றுள் எதைத் தேர்ந்தாலும் பெரிய தவறு நேர்ந்துவிடாது. தவறு நேருவது சென்னை வழியாக விமானத்தில் போகும் மார்க்கத்தில்தான். ஆகவே அதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே பேச வேண்டியிருக்கிறது.

முதலில், கைபேசி காட்டும் அந்த 175 கிலோமீட்டர் என்பது என்ன என்று பார்ப்போம். கோவை விமான நிலையம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 11 பாகையிலும், மதுரை விமான நிலையம் 10 பாகைக்குச் சற்றுக் குறைவாகவும் இருக்கின்றன. கிழக்கு மேற்காக இரண்டுக்கும் ஒரு பாகைக்குச் சற்று மேற்பட்ட வித்தியாசம். பூமி உருண்டையின் மேல் இந்த இரு புள்ளிகளுக்கும் இடையே வரையக்கூடிய மிகக் குறுகிய கோட்டின் நீளத்தைக் கணித சூத்திரம் ஒன்று கொடுத்துவிடும். அந்த நீளத்தை ஜெட் விமானத்தின் வேகம் என்று வைத்துக்கொண்ட ஓர் எண்ணால் வகுத்து, ஏறி இறங்குவதற்கென்று அரை மணியைக் கூட்டினால் பறக்கும் நேரமும் கிடைத்துவிடும். இவ்வளவுதான் அதிலுள்ள வித்தை. அந்தக் கணக்கு எந்த விமானக் கம்பெனியின் கால அட்டவணையையும் பார்ப்பதில்லை. அந்தக் கோட்டின் மேல் உண்மையில் ஏதேனும் விமானம் போகிறதா என்றும் விசாரிப்பதில்லை. இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே நேர் விமானமே கிடையாது என்பதை அறியாமல், இல்லாத விமானம் ஒன்றின் பிரயாண நேரத்தை அது நிமிஷக் கணக்கில் துல்லியமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

நேர் விமானம் ஏன் இல்லை என்று கேட்கும் மாணவனுக்குப் பௌதிகமும் பொருளாதாரமும் சேர்ந்தே பதில் சொல்கின்றன. ஜெட் விமானம் உயரத்திலிருந்து இறங்கும்போது, ஒவ்வோர் ஆயிரம் அடி இறங்குவதற்கும் சுமார் மூன்று கடல் மைல் தூரம் வேண்டும் என்பது விமானிகள் கையாளும் எளிய கணக்கு. கடல் மைல் ஒன்று 1.852 கிலோமீட்டர். முப்பதாயிரம் அடி உயரத்திலிருந்து இறங்க வேண்டுமானால் 90 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 167 கிலோமீட்டர் வேண்டும். கோவைக்கும் மதுரைக்கும் இடையே உள்ள தூரமே 175 என்னும்போது, அந்த உயரத்தை எட்டுவதற்கு முன்பே இறங்கத் தொடங்கிவிட வேண்டியதுதான். மணிக்கு எண்ணூறு கிலோமீட்டர் என்னும் வேகம் உயரத்தில் நிதானமாகப் பறக்கும்போது மட்டுமே கைகூடுவது. ஏறுவதும் இறங்குவதுமாகவே முடிந்துபோகும் பிரயாணத்தில் அந்த வேகத்துக்கு இடமேது? எரிபொருள் அதிகமாகச் செலவாவதும் ஏறும்போதுதான். ஓடுபாதையை நோக்கி ஊர்ந்து செல்லும் நேரமும், இறங்கும் முறைக்காகக் காத்துச் சுற்றும் நேரமும், நூறு கிலோமீட்டர் பறந்தாலும் ஆயிரம் கிலோமீட்டர் பறந்தாலும் பெரிதாகக் குறைந்துவிடுவதில்லை. தூரம் குறையக் குறைய விமானத்தின் அனுகூலங்கள் கரைந்து, அதன் சிரமங்கள் மட்டுமே எஞ்சி நிற்கின்றன.

நேர் விமானம் இல்லாததால், பிரயாணி சென்னைக்குப் போய் அங்கே வேறு விமானம் ஏறி மதுரைக்கு வர வேண்டும். தேசப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு பாருங்கள். மதுரை கோவைக்குத் தென்கிழக்கே இருக்கிறது. நாம் போவதோ வடகிழக்கே. கோவையிலிருந்து சென்னைக்கு வான்வழியாக நானூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். சென்னையிலிருந்து மதுரைக்கு நானூற்றுப் பதினைந்து கிலோமீட்டர் அளவில். இரண்டையும் கூட்டினால் எண்ணூற்றிருபது. 175 கிலோமீட்டர் போக வேண்டியவன் அதைப்போல் நான்கு மடங்குக்கு மேலும் பறக்கிறான். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்று பெரியவர்கள் பரிகாசமாகச் சொல்வதைப் பணம் கொடுத்துச் செய்துகொள்வதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தோன்றவில்லை.

இனி நேரத்தைக் கணக்கிடுவோம். விடுதியிலிருந்து பீளமேட்டு விமான நிலையத்துக்கு அரை மணி. உள்நாட்டு விமானங்களுக்குப் பெட்டியை ஒப்படைக்கும் இடம் பொதுவாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடப்பட்டுவிடும் என்பதால், பாதுகாப்புச் சோதனை வரிசையையும் மனத்தில் கொண்டு ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே அங்கே இருப்பதுதான் விவேகம். சென்னைக்கு ஒன்றேகால் மணி. அங்கே இரண்டு விமானங்களுக்கும் இடையே இரண்டு மணி நேரம் என்று நல்லபடியாகவே வைத்துக்கொள்வோம். நான்கும் ஐந்தும் ஆவதே வழக்கம். பிறகு மதுரைக்கு ஒரு மணி இருபது நிமிஷம். பெட்டி வந்து சேர இருபத்தைந்து நிமிஷம். ஊருக்குத் தெற்கே பன்னிரண்டு கிலோமீட்டர் அளவில் ஒதுங்கியிருக்கும் மதுரை விமான நிலையத்திலிருந்து வீடு போய்ச் சேர முக்கால் மணி. எல்லாவற்றையும் கூட்டினால் ஏழே முக்கால் மணி நேரம் வருகிறது. அதே மாணவன் விடுதியிலிருந்து சிங்காநல்லூர் போய், கண்ணில் பட்ட முதல் பேருந்தில் ஏறி, ஆரப்பாளையத்தில் இறங்கி, ஆட்டோ வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாலும் ஆறரை மணிக்கு மேல் ஆகாது. கட்டணமோ ஒன்று சில ஆயிரம், மற்றொன்று சில நூறு. அதிகப் பணத்துக்கு அதிக நேரத்தையும் சேர்த்து வாங்கும் வியாபாரத்தை, வணிகவியல் படிக்கும் மாணவர்களே செய்வதைக் காணும்போது சிரிப்பதா வருந்துவதா என்று விளங்கவில்லை.

இதற்கு மேலும் ஒரு கண்ணி இருக்கிறது. மலிவாகக் கிடைக்கிறது என்று சென்னை வரை ஒரு கம்பெனியிலும் அப்பால் வேறு கம்பெனியிலும் தனித்தனியாக டிக்கெட் எடுக்கிறவர்கள் உண்டு. ஒரே டிக்கெட்டில் இரண்டு விமானங்களும் அடங்கியிருந்தால், முதல் விமானத்தின் தாமதத்தால் இரண்டாவது தவறும்போது மாற்று ஏற்பாடு செய்யும் பொறுப்பு கம்பெனியைச் சேரும். தனித்தனி டிக்கெட்டாக இருந்தால் அந்தப் பொறுப்பு ஒருவருக்கும் இல்லை. கோவையிலிருந்து வந்த விமானம் மேகமூட்டத்தால் ஒரு மணி தாமதித்தது என்பதை மதுரை விமானம் அறியவும் அறியாது, அறிந்தாலும் நிற்காது. அதோடு, சென்னையில் பெட்டியைத் திரும்பப் பெற்று வெளியே வந்து, மறுபடி உள்ளே போய், மறுபடி ஒப்படைத்து, மறுபடி சோதனைக்கு நிற்க வேண்டும். உள்நாட்டு விமானங்களே அங்கே வெவ்வேறு முனையங்களிலிருந்து புறப்படுவதால் இந்த அலைச்சல் இன்னும் கூடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அதாவது தீபாவளிக்கு ஊர் போகும் அதே ஐப்பசியில், சென்னை வானத்தை நம்பி இரண்டு விமானங்களைக் கோத்துக்கொள்வது துணிச்சல்காரர்களுக்குரிய காரியம். என் மாணவர்களில் ஒருவன் இப்படிக் கோத்துக்கொண்டு, இரண்டாவது விமானத்தைத் தவறவிட்டு, கோயம்பேட்டிலிருந்த பேருந்து நிலையம் கிளாம்பாக்கத்துக்குப் போய்விட்டது என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டு, கடைசியில் சென்னையிலிருந்து இரவுப் பேருந்தில் மதுரை போய்ச் சேர்ந்தான்.

சாமானைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலான உள்நாட்டுச் சாதாரண டிக்கெட்டுகளில் ஒப்படைக்கும் பெட்டிக்கு 15 கிலோவும் கைப்பைக்கு 7 கிலோவும்தான் அனுமதி. பருவம் முடிந்து புத்தகங்களையும் போர்வையையும் வாளியையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு போகும் மாணவனுக்கு இந்த அளவு போதாது. திரும்பி வரும்போது நிலைமை இன்னும் மோசம். தாயார் கட்டிக் கொடுக்கும் முறுக்கு டப்பாவையும் இட்லிப்பொடியையும் ஊறுகாய்ப் பாட்டிலையும் எடைத்தட்டு அன்போடு நிறுத்துப் பார்ப்பதில்லை. பேருந்தில் நடத்துநரிடம் ஒரு வார்த்தை சொன்னால் பின்பக்கத்துச் சாமான் அறையில் எல்லாமே அடங்கிவிடும்.

பெண்ணைப் பெற்றவர்கள் சொல்லும் பாதுகாப்பு என்ற காரணத்தை நான் இலேசாகத் தள்ளிவிடவில்லை. அது நியாயமான விசாரம். ஆனால் அந்த விசாரத்துக்கு ஏற்ற மருந்து எது என்பதை நிதானமாக யோசிக்க வேண்டும். பயப்பட வேண்டியது பேருந்தையோ ரயிலையோ அல்ல, வேளை கெட்ட வேளையில் இறங்குவதைத்தான். சென்னையில் இரண்டாவது விமானம் தாமதமாகி இரவு பதினொரு மணிக்கு ஊருக்கு வெளியே உள்ள விமான நிலையத்தில் இறங்கி வாடகைக் கார் தேடும் பெண், பகல் ரயிலில் குடும்பங்களுக்கு நடுவே உட்கார்ந்து வந்து, சந்தடி அடங்காத மதுரைச் சந்திப்பில் இறங்கி, வாசலில் காத்திருக்கும் தம்பியோடு வீட்டுக்குப் போகும் பெண்ணைவிட எந்த வகையில் பத்திரமானவள்? பெண்பிள்ளைகளுக்கு நான் சொல்லும் விதி எளிது. எந்த வாகனமானாலும் வெளிச்சம் இருக்கும்போது புறப்பட்டு, ஊர் விழித்திருக்கும்போது இறங்குங்கள். அந்த விதிப்படி நள்ளிரவில் மதுரையைத் தொடும் நாகர்கோவில் வண்டியும் உங்களுக்கு ஏற்றதல்ல.

நாளைக்கே நேர் விமானம் ஒன்று விட்டுவிட்டால் என்ன செய்வீர் என்று ஒரு மாணவன் மடக்கினான். நல்ல கேள்வி. இத்தகைய குறுந்தூரத்துக்கு விடப்படுவது சுழல்விசிறி பொருத்திய ஏடிஆர் போன்ற சிறிய விமானமாகத்தான் இருக்கும். எழுபது எண்பது பேர் ஏறக்கூடிய அது மணிக்கு ஐந்நூறு கிலோமீட்டர் அளவில் போகும். நகரத் தொடங்கியது முதல் நிற்கும் வரை ஐம்பது நிமிஷம் என்று வைத்துக்கொண்டால், முன்னால் இரண்டு மணியும் பின்னால் ஒரு மணிக்குச் சற்று மேலும் சேர்ந்து நான்கு மணி நேரம் ஆகிறது. மிச்சமாவது இரண்டு மணியோ இரண்டரை மணியோதான். அதுவும் அந்த விமானம் நின்றுவிடாமல் ஓடினால்! சேலத்துக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். சாமானியரும் பறக்கட்டும் என்ற நோக்கத்தோடு மத்திய அரசு கொண்டுவந்த உடான் திட்டத்தின் கீழ், சேலத்து விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்திலிருந்து சென்னைக்கு 2018-ல் விமானம் விடப்பட்டது, ஊரே கொண்டாடியது. சில வருஷங்களில் அது நின்றுபோயிற்று. 2023-ல் வேறு கம்பெனி வந்து மறுபடி தொடங்கியது. சிறிய ஊர்களின் விமானப் போக்குவரத்து இப்படித்தான் வருவதும் போவதுமாக இருக்கும். நான்கு வருஷப் படிப்பின் போக்குவரத்தை அதன்மேல் கட்டிவைப்பது உசிதமன்று.

விமானத்தின்மேல் எனக்கு விரோதம் எதுவும் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். டெல்லியில் நேர்முகத் தேர்வு என்றால் பறந்துதான் போக வேண்டும். கோவையிலிருந்து சென்னைக்கு அவசர காரியமாகப் போகிறவர்களையும், வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று செய்தி வந்து புறப்படுகிறவர்களையும் யாரும் கணக்குப் போடச் சொல்ல மாட்டார்கள். தூத்துக்குடிப் பிள்ளைகளின் நிலைமையும் மதுரைப் பிள்ளைகளின் நிலைமையினின்று சற்று வேறுபட்டதே. கோவைக்கும் தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்துக்கும் வான்வழித் தூரம் 277 கிலோமீட்டர் அளவு. சென்னை வழியாகப் போனால் அது 930-ஐ எட்டுகிறது. சாலை வழியே எட்டு மணி நேரம் ஆகும் என்பதால், விமானமும் பேருந்தும் அங்கே ஏறக்குறையச் சரிக்குச் சரியாக வந்து நிற்கின்றன. வாகைக்குளத்தில் ஓடுபாதையை மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீட்டி, 2025-ல் புதிய முனையத்தையும் திறந்திருப்பதால், அந்த ஊரார் விமானத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. இருந்தாலும், மேட்டுப்பாளையத்திலிருந்து கோவை, பொள்ளாச்சி, பழனி வழியாகத் தூத்துக்குடிக்கு வாரத்தில் இருமுறை செல்லும் ரயிலின் நாட்களோடு விடுமுறை பொருந்துமானால், நான் அதையே சிபாரிசு செய்வேன்.

என் சிபாரிசில் பட்சபாதம் இருக்கிறது என்று சொல்வீர்களானால், இருக்கட்டும். பழனி மார்க்கத்துப் பகல் ரயிலை நான் நேசிக்கிறேன். அந்தப் பாதை மீட்டர் கேஜாக இருந்த காலத்திலும் அதில் போனவன் நான். அகலப்பாதை வேலைக்காக அது நெடுங்காலம் மூடப்பட்டுக் கிடந்தபோது வருந்தியவனும் நான். போத்தனூரை விட்டு வண்டி தெற்கே திரும்பியதும் கிணத்துக்கடவின் குன்றும், பொள்ளாச்சியை நெருங்க நெருங்கத் தென்னந்தோப்புகளும் வருகின்றன. அப்பால் வலது பக்கத்து ஜன்னலில் ஆனைமலைத் தொடர் நெடுந்தூரம் கூடவே வர, உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகள் மேற்கிலிருந்து வரும் காற்றை வாங்கிச் சுழன்றுகொண்டிருக்கும். பழனியில் காவடிகளோடு ஏறும் குடும்பங்களும், கேரளத்துக்கெல்லாம் காய்கறி அனுப்பும் ஒட்டன்சத்திரத்துச் சந்தை வியாபாரிகளும், திண்டுக்கல் பாறைக்கோட்டை தெரிந்ததும் மேல்தட்டிலிருந்து மூட்டையை இறக்கத் தொடங்கும் கிழவிகளும் சேர்ந்து அந்தப் பெட்டியை ஒரு நடமாடும் ஜில்லாவாக ஆக்கிவிடுகிறார்கள். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கோவையையும் மதுரையையும் இணைக்கும் அந்த வான்வழிக் கோட்டைத் தேசப்படத்தில் வரைந்தால், அது ஏறத்தாழச் சரிபாதியில் பழனியை ஒட்டிக் கடந்து, மலைச்சரிவுக்கு மேலாக வந்து, 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதிய ராஜம் ஐயர் பிறந்த வத்தலக்குண்டின் பக்கமாகப் போகிறது. சென்னை வழியாகப் பறக்கிறவன் அந்தக் கோட்டின் அருகிலும் வருவதில்லை. பழனி ரயிலில் போகிறவனே அதைத் தொட்டுக்கொண்டு போகிறான்.

எனினும், எனக்குப் பிடித்தது என்பதற்காக எல்லாருக்கும் அதையே விதிப்பது, பெற்றோர் செய்கிற பிழையையே நானும் செய்வதாகும். மனிதருக்கு மனிதர் சுபாவம் வேறுபடுகிறது. பேருந்தில் ஏறியதும் தலைசுற்றுகிறவர்கள் உண்டு. அவர்கள் ரயிலை விட்டு வேறு எதையும் நினைக்க வேண்டாம். உட்கார்ந்தபடியே அயர்ந்து தூங்கக்கூடியவர்களுக்கு இரவுப் பேருந்தே சொர்க்கம்; அவர்களுக்குப் பகல் ரயிலின் இயற்கைக் காட்சிகள் எதற்கு? கூட்டத்தில் மனம் குலைகிறவர்கள், நாலு பேரோடு பேசாமல் ஒரு மணி நேரமும் இருக்க முடியாதவர்கள், புத்தகம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டால் உலகத்தை மறந்துவிடுகிறவர்கள் என்று பலவிதமானவர்கள் இருக்கிறார்கள். தன் சுபாவம் எது என்று தனக்கே தெரியாத மாணவன்தான் பக்கத்து அறைக்காரன் போகும் மார்க்கத்தில் போகிறான். ஊருக்குப் போகும் வழியில் இப்படிச் செய்கிறவன், படிப்பைத் தேர்வதிலும் அப்படியே செய்திருப்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன். மண்ணையும் பயிரையும் பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடிய பிள்ளை, எல்லாரும் சேருகிறார்கள் என்று கணிப்பொறிப் பிரிவில் சேர்ந்து மூன்றாம் வருஷத்தில் முகம் வாடி நிற்கிறான். கைவேலையில் நிகரற்றவனைத் தகப்பனாரின் கௌரவம் கணக்காளர் பரீட்சைக்குத் தள்ளிவிடுகிறது. அந்தப் படிப்புகளின் விளம்பரத்தில் அவர்களுக்குக் காட்டப்பட்ட எண்ணும் ஏதோ ஒரு நேர்கோட்டின் நீளம்தான். நடுவில் எங்கே இறங்கி ஏற வேண்டும், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதை அது சொல்லவில்லை. ஆற்றல் எந்தப் பக்கம் இருக்கிறதென்று கண்டுகொள்வதற்குக் கொஞ்சம் காலம் பிடிக்கும். அந்தக் காலத்தைக் கொடுக்கும் பொறுமை பிள்ளைகளிடம் இல்லாமல் போனால் அது இளமையின் இயல்பு. பெற்றோரிடமும் இல்லாமல் போனால் அதற்கு என்ன பெயர் சொல்வதென்று தெரியவில்லை. நாற்பது வயதுக்கு மேல் தமக்குரிய தொழிலைக் கண்டுகொண்டு நன்றாக வாழ்கிறவர்களை நான் அறிவேன். இருபது வயதில் ஒரு வருஷம் பிந்திவிட்டது என்று வீட்டில் ஒப்பாரி வைப்பது அவசியமில்லாத துக்கம்.

பிரயாணத்துக்கே திரும்புவோம். மதுரைக்குப் பகல் ரயில்; அதில் இடம் கிடைக்காதபோதும், ரயிலின் நேரம் ஒத்துவராதபோதும் சிங்காநல்லூரிலிருந்து அரசுப் பேருந்து, முடிந்தால் காலையில். திருநெல்வேலி, நாகர்கோவில் பிள்ளைகளுக்கு இரவு வண்டி. தூத்துக்குடிக்காரர்கள் வாரத்தில் இருமுறை ஓடும் ரயிலை முதலில் பார்த்து, அது பொருந்தாவிட்டால் மற்றவற்றை யோசிக்கலாம். சென்னை வழி விமானத்தை இந்தக் கணக்கிலிருந்து அடியோடு எடுத்துவிடுங்கள். தகப்பனார் வற்புறுத்தினால் மேலே சொன்ன ஏழே முக்கால் மணிக் கணக்கை ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள். ரயில் நேரங்கள் அவ்வப்போது மாறுகின்றன என்பதால் புறப்படுமுன் கால அட்டவணையை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். முன்பதிவு இப்போது 120 நாட்களுக்குப் பதிலாக 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. தீபாவளிக்கு ஊர் போக நினைக்கிறவர்கள் அந்த அறுபதாம் நாள் காலை எட்டு மணிக்கே பதிவு செய்துவிட வேண்டும்.